கை வைக்கட்டுமா?

பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? இது உச்சி வெயிலில் நடந்தது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். டேய், சிரிக்காதே, கடைசியில் பார்க்கலாம். என் சிநேகிதியின் அக்காவுக்கு நடந்தது இது.

விடுமுறை நாள், பகல் பன்னிரண்டு. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும் பின்பக்கச் சாலையில் ஈ காக்கை இல்லை. அக்கா மோட்டார்களோடு மல்லுக்கட்டுபவள். புதுவகைக் காந்த இரும்பில் ஒரு மோட்டார் செய்திருந்தாள். அதை ஓட்டிக் கடைசி அளவு எடுப்பது மட்டும் பாக்கி. கூட வர ஆளில்லை. ஒரு அளவுதானே என்று தனியாகவே போய்விட்டாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரை ஓட்டும் கன்வெர்ட்டரை நிறுத்தினாலும், உள்ளே தேங்கிய மின்சாரம் உடனே போகாது. தொட்டால் ஆள் காலி. அதனால் கம்பியருகே நிற்பவர், "கை வைக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். மீட்டர் முன்னால் இருப்பவர், முள் பூஜ்யத்துக்கு வந்தபிறகுதான் "வை" என்பார். அக்கா இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ஹீட்டர் போட்ட வாளியை அவளுடைய ஆறு வயது மகள் கேட்காமல் தொடமாட்டாள்.

மீட்டர் முன்னால் எப்போதும் இருந்தவர் கிராம்பு அண்ணன். வாயில் சதா கிராம்பு. ஆணோ பெண்ணோ, எல்லாரும் அவருக்கு 'ராசா'தான். போன வருடம் ஒருநாள் தனியாக வேலை பார்த்தார். பழக்கதோஷம்... தானே கேட்டு, தானே "வை ராசா" என்று சொல்லிக்கொண்டு கை வைத்துவிட்டார். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அக்கா மோட்டாரை ஓட்டினாள். ஙொய்ய்ய்... என்று கூவி அடங்கியது. சூடேறிய வார்னிஷ் வாடை. ஸ்விட்சை அணைத்துவிட்டு, கம்பியைக் கழற்றக் குனிந்தாள். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கை வைக்கட்டுமா?"

"வை ராசா."

கை பாதி தூரம் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது... நிமிர்ந்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. மீட்டர் முள் ஐந்நூறில் நின்றது. வார்னிஷ் வாடையை மீறிக் கிராம்பு மணம்.

போட்டது போட்டபடி ஓடிவந்தாள். பேருந்தில் அழுகை அடங்கவில்லை. எவ்வளவு பிரியமான மனிதர்! அவர் போய் இப்படிச் செய்வாரா?

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றினாள். குளியலறையிலிருந்து மகளின் குரல்.

"அம்மா, வந்துட்டியா? அப்பா வாளில ஹீட்டர் போட்டிருக்காரு... கை வைக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, கிராம்பு மணத்தோடு...

"வை ராசா."