எரிக்கிற மண்

கொக்குவிலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீற்றில் இருந்தார்கள். இளையவள் சொன்ன ஒன்றில் என் தூக்கம் கலைந்தது.

"அயர்லாந்திலை மண்ணை எரிக்கினமாம், அக்கா."

"பகிடி விடாதை."

"உண்மையா. என்ரை மருமோன் அங்கை அப்பிடி ஒரு கொம்பனியிலைதான் வேலை செய்தவர். சதுப்பு மண்ணை வெட்டி, காயவைச்சு, மெசினிலை அமத்திச் செங்கல்லு மாதிரி எடுக்கிறதாம். குளிருக்கு வீட்டுக்குள்ளை எரிக்கினம்."

"மண் எப்பிடியடி எரியும்?"

"அவ்வளவும் செத்த புல்லுப்பூண்டுதானாம். அதுக்குள்ளை கிடந்தால் ஒண்டும் லேசிலை உக்காது. ஒருக்கால் மண்ணை வெட்டேக்கை பழைய காலத்து ஆளின்ரை உடம்பு ஒண்டு தோல், தலைமயிரோடை வந்ததாம்."

மூத்தவள் மடியில் கண்ணாடிச் சட்டமிட்ட ஓர் இளைஞனின் படம் இருந்தது. வெயில் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"முகம் தெரிஞ்சதாமோ?"

"ஓமாம்."

வைரவர் கோயிலடியில் பஸ் நின்று புறப்பட்டது. மூத்தவள் மெல்லச் சொன்னாள்:

"இண்டைக்கு அந்தப் புதைகுழியிலை எலும்புகளோடை எடுத்த உடுப்புகளைத்தான் அடையாளம் பாக்கச் சொல்லிக் காட்டப்போகினம். பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போன அண்டைக்கு அவன் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தவன் எண்டது எனக்கு மறந்துபோச்சடி. முகமெண்டால் சொல்லிப்போடுவன்."