வழி கேட்டவன்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ண் டிராமில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம். எனக்கு முன் இருக்கையில் கோட் போட்ட ஒருவர், பக்கத்தில் அவருடைய மனைவி. யாருக்கும் விளங்காது என்ற துணிவில் சத்தமாகவே பேசினார்கள்.

"இண்டைக்கு நானும் இந்த ஊரில ஒரு ஆளாயிட்டன்."

"ஏன், வேலை கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. ஒரு வெள்ளைக்காரன் என்னட்டை வழி கேட்டவன்."

"உங்களுக்கு வழி தெரியுமோ?"

"தெரியாது. ரெண்டு பேருமா நடந்து தேடிப் பிடிச்சம்."

"அப்ப இன்டர்வியூ?"

"பிந்திப் போச்சு. வேற ஆளை எடுத்திட்டாங்களாம்."

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை வரும் என்று காத்திருந்தேன். அந்த மனிதருக்கு அது வேண்டியதுதான்.

"வந்து ஒரு வருஷமாகுது," என்றார் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடி. "என்னட்டை இன்னும் ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை."