இடதுபக்கம் திரும்பும்போது ஒரு சத்தம்

இடிபட்ட காரோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் தண்ணீர் கொடுப்பேன். காரைப் பிறகுதான் பார்ப்பேன். பதினேழு வருஷப் பழக்கம் ஐயா இது. கார் எங்கும் ஓடிப்போகாது. வந்தவர் கை நடுங்கிக்கொண்டிருந்தால்தான் சங்கடம், கையெழுத்துகூடச் சரியாக விழாது.

டீச்சருக்கு இரண்டு டம்ளர் கொடுத்தேன். சிக்னலில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தவரின் காரை, பக்கத்துச் சாலையிலிருந்து வந்த பால் வண்டி இடது முன்சக்கரத்தில் இடித்துவிட்டது. அவர்மேல் துளித் தப்பில்லை. பால் வண்டியின் இன்சூரன்ஸ்காரர்களே அதை ஒத்துக்கொண்டு, எங்கள் பட்டறைக்கு அனுப்பினார்கள். பின்சீட்டில் இருந்த ஆறு வயது மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருந்தாலும் டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், மறுபடியும் ஓட்ட முடியுமா? பயமா இருக்கு."

"காரையும் சரி பண்ணிடறேன், பயத்தையும் சரி பண்ணிடறேன் டீச்சர்," என்றேன். அவர் சிரித்தார்.

பட்டறையில் என் வேலை பட்டியல் போடுவது. எது உடைந்தது, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தலாம் என்று படத்தோடு எழுதி அனுப்புவேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வண்டியைப் பிரித்த பிறகு புதிதாக ஏதாவது அகப்பட்டால், அவரைத் திரும்பவும் கூப்பிட வேண்டும். இரண்டாம் பார்வை என்போம். என் பட்டியலுக்கு இரண்டாம் பார்வை வந்ததே இல்லை. சர்வேயர் முதல் பார்வைக்கே வருவதில்லை, என் படங்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி," என்பார். ஒரு மனிதனுக்கு வேறென்ன மரியாதை வேண்டும், சொல்லுங்கள்.

டீச்சரின் பட்டியலும் அப்படித்தான் போய் வந்தது. பம்பர், கதவு, விளக்கு, சக்கரம். மூன்றாம் நாள் எங்கள் மூத்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். அவரை டார்ச் என்றுதான் எல்லோரும் சொல்வோம்; வாயில் டார்ச் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. அன்றைக்கு அதை வெளியே எடுத்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, இந்த நக்கிளைப் பாரு. விரிசல் விட்டிருக்கு."

நக்கிள் என்பது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திருப்புகிற இரும்பு. அதில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருந்தது. நான் பார்க்காமல் விட்ட கோடு.

"சர்வேயரக் கூப்பிடு. புதுசு போட்டுடலாம்."

கூப்பிட்டால் வருவார். பார்ப்பார். இனி ஒவ்வொரு பட்டியலுக்கும் வருவார்.

"இது வார்ப்புலயே வந்த கோடுண்ணே. நான் பாத்துக்கறேன், விடுங்க."

அவர் அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு டார்ச்சை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே பிரஷ் எடுத்து, அந்தக் கோட்டின்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். காயவிட்டு இன்னொரு தடவையும் அடித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

கார் போன ஒரு வாரத்தில் டீச்சர் திரும்ப வந்தார். இடதுபக்கம் திரும்பும்போது டக்கென்று ஒரு சத்தம் வருகிறது என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டினேன். தண்ணீர்த் தொட்டி முனையில் இடதுபக்கம் ஒடித்தேன். டக்கென்றது. அந்தக் கணத்தில் என் கண்முன் வந்தது சர்வேயரின் முகம்.

"கேட்டுச்சா சார்?"

"எது டீச்சர்?"

"அந்தச் சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

தன் காதையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்தது அந்த முனையில்தான் என்று நினைக்கிறேன்.

மொத்தம் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை கார் சாவியை என் மேஜையில் வைக்கும்போது அது கிலுகிலுவென்று ஆடியது. "அங்கிள், எனக்கும் கேக்குதே," என்றாள் மகள். அம்மா பயந்தால் குழந்தைக்கும் அப்படித்தான் கேட்கும் என்றேன். தன் பயம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று டீச்சர் நினைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"இனிமே சொல்ல மாட்டேன் சார்."

"பாட்டக் கொஞ்சம் சத்தமா வச்சுக்குங்க டீச்சர். பழகிடும்."

அவர் கணவர் மருந்துக்கடைக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று அவரிடமும் போனில் பேசினேன். விபத்துக்குப் பிறகு சிலருக்கு இல்லாத சத்தம் கேட்கும், விடாமல் ஓட்டவைத்தால்தான் தெளியும் என்றேன். "நானும் அதத்தான் சொல்றேன், கேக்க மாட்டேங்கறா சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். பாவம், நல்ல மனிதர். படபடப்புக்கு மாத்திரையும் கொடுத்தாராம். அதற்குப் பிறகு டீச்சர் வரவில்லை.

நான்தான் நிம்மதி இழந்தேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டேன். என் சொந்தக் காரில்கூட இடதுபக்கம் திரும்பப் பயம். தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பாமல் நேராகப் போய், மூன்று தடவை வலதுபக்கம் திரும்பி வீடு போய்ச் சேருவேன். எதற்கு இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். நெரிசல் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் காரை எங்கள் பட்டறைக்கே இழுத்து வந்தார்கள். பாலத்து இறக்கத்தில் இடதுபக்கம் திரும்பும்போது சக்கரம் மடங்கித் தூணில் மோதியிருந்தது. டீச்சர் அங்கேயே போய்விட்டார். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

நான் பட்டியல் போட்டேன். முதல் வரியில் நக்கிள், இந்த விபத்தில் உடைந்தது என்று எழுதினேன். உயிர் போன கேஸ் என்பதால் இந்தத் தடவை சர்வேயர் நேரில் வந்தார். உடைந்த துண்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். புதிதாக உடைந்த இரும்பு பளபளவென்றிருக்கும். அது பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. விரிசலுக்குள் என் பெயின்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. சர்வேயர் அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். டார்ச்தான் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு அவரிடம் போனார்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. விரிசலை எனக்குத் தெரியும். சத்தம் எனக்குக் கேட்டது. தெரிந்தேதான் அவரையும் குழந்தையையும் அந்தக் காரில் அனுப்பினேன், மூன்று தடவை. அந்தக் குழந்தை உங்களிடம் சொன்னதையும் இதோடு சேர்த்துவிடுங்கள். டக்கென்று பெரிதாகக் கேட்டதும், அம்மா பாட்டின் சத்தத்தைக் கூட்டினாராம். சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று நீங்களும்தான் சொன்னீர்கள். முதல் நாள் தண்ணீர் வாங்கியபோது அவர் கை எப்படி நடுங்கியது என்று நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். காரை நான் சரிசெய்து கொடுக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் பயத்தைச் சரிசெய்து கொடுத்தேன் ஐயா.