முன் பலகைக்குச் சிவப்பு

— அசையாதையுங்கோ அப்பா! மூண்டாம் சில்லு இப்பதான் நேரா நிக்குது.

— நான் எங்க அசைஞ்சேன்? நீ பேசுற காத்துலதான் அது சாயுது.

— ஓம், என்ரை காத்து! முப்பது வருசமா ரயில் ஓடுற ஆளுக்கு, விரல் நுனியளவு சில்லைப் பூட்டத் தெரியேல்லை.

— டீச்சர், ஓட்டுறது வேற, பூட்டுறது வேற. பூட்டுறதுக்கு ஷெட்டுல தனியா ஆளு இருக்காங்க. நான் ஏறி உக்காந்து ஹோர்ன் அடிக்கிறவன்.

— கதையை விட்டிட்டுப் பிடியுங்கோ. பத்து எண்ணும் மட்டும் அமத்திப் பிடிக்கச் சொல்லிப் பெட்டியிலை போட்டுக் கிடக்கு.

— ஒண்ணு... ரெண்டு... மூணு...

— மனசுக்குள்ளை எண்ணுங்கோ!

— பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் புள்ளைங்கள மெரட்டுவியா?

— அதுகள் உங்களை மாதிரி வாய் காட்டாதுகள். ...ம். இப்ப விடுங்கோ. மெல்ல... மெல்ல...

— நிக்குது! வதனி, நிக்குது பாரு! எட்டு சக்கரமும் நிக்குது!

— கத்தாதையுங்கோ. பக்கத்து வீட்டு அஸ்னா எட்டிப் பாக்கப் போறாள். கந்தப்பன் மாமா அம்பத்தாறு வயசிலை விளையாட்டு ரயில் வைச்சிருக்கிறார் எண்டு பதுளை முழுக்கச் சொல்லித் திரிவாள்.

— சொல்லட்டுமே. நம்ம மக நிசாந்தினி பொறந்தநாளுக்கு அனுப்புனதுன்னு நானே தம்பட்டம் அடிப்பேன். இருநூத்திப் பன்னண்டு துண்டு! நீராவி எஞ்சின்! மூணு ஞாயித்துக்கெழம வேல...

— நாலு. புகைபோக்கியைத் தலைகீழா ஒட்டின ஞாயிறை விட்டிட்டியள்.

— அத மறக்கலாம்னு பாத்தேன். சரி, அடுத்தது என்னா?

— பின் விளக்கு. இந்தாங்கோ, சின்னச் சிவப்புத் துண்டு... ஐயோ, விழுத்திப் போட்டியள்.

— இரு இரு... இங்கதான் எங்கயோ...

— பாயிலைதான் கிடக்கு. உங்கட முழங்காலடியிலை.

— தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— கண்ணாலை தேடாமல் ஏன் கையாலை தடவுறியள்? பச்சைப் பாயிலை சிவப்புத் துண்டு பளிச்செண்டு தெரியுது.

— கண்ணாடி போடல.

— நெத்தியிலை கிடக்கிறது என்ன?

— ...மணி என்னா இப்ப?

— மூண்டே கால். ஆறு மணிக்கு மெயில். அஞ்சுக்கு நீங்கள் ஸ்டேசனிலை நிக்கோணும்.

— தெரியும்.

— மூண்டு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ராத்திரி டூட்டி, என்ன?

— பஸீலோட மகளுக்கு நிக்காஹ். பாவம், மூணு மாசமா என் ராத்திரிய எல்லாம் அவன்தானே ஓட்டுனான். என் பேரத்தான் போட்டிருந்தாங்க.

— நீங்கள் கேட்டுத்தானே அவர் மாத்தினவர்.

— முதுகு வலின்னேன். ராத்திரி குளிரு ஒத்துக்கலன்னேன்.

— ஓம்... முதுகு வலி.

— என்னா ஒரு மாதிரி இழுக்கிற?

— ஒண்டுமில்லை. ரொட்டி சுட்டு வைச்சிருக்கிறன், சம்பலும் கிடக்கு. பையுக்குள்ளை வைச்சு விடட்டே?

— பைய தொறக்காத!

— ...ஏன் இப்ப கத்திறியள்?

— கத்தல... எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். கலைஞ்சிரும். ரொட்டிய மேசையில வையி, போறப்ப எடுத்துக்கிறேன்.

— சரி. கோவிக்காதையுங்கோ. ...பெயின்ற் அடிப்பமோ?

— பெயிண்டு அடுத்த வாரம். பச நல்லா காயட்டும்.

— போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள். கறுப்பு எல்லாம் அடிச்சு முடிஞ்சுது. புகைபோக்கி, சில்லு, கரிப்பெட்டி... உடம்பும் முன் பலகையும்தான் வெள்ளையாக் கிடக்கு, முகம் கழுவாத பிள்ளை மாதிரி.

— கருப்பு சுளுவு.

— ஏன் சுளுவு?

— கருப்பு... கருப்புதானே. எங்க அடிச்சாலும் கருப்பு.

— அப்ப சிவப்பு?

— ...டின்னு எங்க?

— முன்னாலைதான். ரெண்டு டின். ஒண்டு பச்சை, ஒண்டு சிவப்பு. உடம்புக்குப் பச்சை, முன் பலகைக்குச் சிவப்பு.

— மூடியில நம்பர் எழுதியிருந்திச்சே? எங்க காணோம்?

— நேற்று மேசையைத் துடைக்கேக்கை தின்னர் ஊத்துப்பட்டது. அழிஞ்சு போச்சு.

— அழிஞ்சிருச்சா? ரெண்டும் அழிஞ்சிருச்சா?

— நம்பர் என்னத்துக்கு? மூடியைத் திறந்தால் தெரியுந்தானே.

— ஆமா... தெரியும். தெரியாம என்னா. ...நீ எடுத்துக் குடு.

— என்ரை கையெல்லாம் பசை. நீங்கள் எடுங்கோ.

— ...

— என்ன, டின்னை மணந்து பாக்கிறியள்?

— பழசாயிருச்சான்னு பாத்தேன்.

— மூக்காலையோ பெயின்ற் அடிக்கப் போறியள்?

— சிரிக்காத! இதுதான். மொதல்லயே இதத்தான் எடுக்கப் போனேன். அந்தச் சின்ன பிரஷ்ஷ குடு.

— இந்தாங்கோ. மெல்ல... ஓரத்திலை வடியாமல்...

— எனக்கே சொல்லித் தர்றியா? இந்தப் பலகைதான் எஞ்சினுக்கு மொகம். மடுல்சீம தேயிலத் தோட்டத்துல இருந்தப்ப ரயிலுன்னா படத்துலதான். பன்னண்டு வயசுல அப்பாகூட இங்க ஸ்டேஷனுக்கு வந்தேன். எஞ்சின் உள்ள வருது... மொதல்ல தெரிஞ்சது அந்தப் பலகைதான். செக்கச்செவேல்னு. அந்தச் செவப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. கண்ண மூடுனா நல்லா தெரியுது. ...ம், முடிஞ்சிச்சு. எப்படி இருக்கு?

— என்னப்பா இது... முன் பலகைக்குப் பச்சையை அடிச்சிட்டியள்!

— ...பச்சையா?

— ஓம். பச்சை.

— அட... ஆமா. ஆமால்ல! பேச்சு வாக்குல டின்ன மாத்தி எடுத்துட்டேன். துணிய குடு, ஈரத்தோட தொடச்சா போயிரும்.

— துடைக்காதையுங்கோ.

— ஏன்?

— அது சிவப்புத்தான். சரியாத்தான் அடிச்சிருக்கிறியள். நல்ல சிவப்பு.

— அப்ப ஏன் பச்சைன்னு சொன்ன?

— நான் சொன்னன். நீங்கள் ஏனப்பா "ஆமா" எண்டு சொன்னனீங்கள்? என்னைப் பாருங்கோ.

— டீச்சர் பரீட்ச வச்சிட்டாங்க.

— வேறை என்ன செய்ய நான்?

— எத்தன மார்க்கு?

— பகிடி விடாதையுங்கோ. எவ்வளவு காலமா?

— தெரியல வதனி. ஒரே நாள்ல வரல. பனி எறங்குற மாதிரி, கொஞ்சங் கொஞ்சமா. செவப்பும் பச்சையும் ரெண்டுமே பாலு ஊத்தாத தேயிலச் சாயத்தண்ணி நெறத்துக்கு வந்திருச்சு. ஒண்ணு கடுஞ்சாயம், ஒண்ணு எளஞ்சாயம். அவ்வளவுதான் வித்தியாசம்.

— பிறகெப்பிடி ரயில் ஓடினனீங்கள்?

— பகல்ல என்னா? நம்ம லைன்ல சிக்னல் கம்பத்துக்கு கை இருக்குல்ல. கை நேரா நீட்டி நின்னா நில்லு, சாஞ்சிருந்தா போ. நெறமே வேணாம். ராத்திரியிலதான் கை தெரியாது. வெளக்கு மட்டுந்தான்.

— அதுதான் பஸீலோடை மாத்தினது.

— அதுதான்.

— முதுகு வலி எண்டு நாலு போத்தல் எண்ணெய் தேய்ச்சு விட்டனே நான்!

— சொகமா இருந்திச்சு. நிறுத்தச் சொல்ல மனசு வரல.

— அடி விழும்! ...மாத்திறதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்? ராத்திரியிலை?

— சிக்னல் தெரிஞ்ச ஒடனே ரெண்டு பேரும் சத்தமா சொல்லணும், அதான் சட்டம். றில்வான் அசிஸ்டன்ட். அவன் மொத சொல்லட்டும்னு இருப்பேன். அவன் "பச்ச"ன்னா நானும் "பச்ச"ன்னுவேன். அப்படியே ஒரு மாசம் ஓடிருச்சு.

— கடவுளே...

— மாசி மாசம் ஒரு ராத்திரி. வளைவு திரும்புறோம். அவன் கீழ குனிஞ்சு ஃப்ளாஸ்க்க தொறந்துக்கிட்டு இருக்கான். எதுத்தாப்புல வெளக்கு. என்னா நெறம்னு... பாக்குறேன், பாக்குறேன், தெரியல. பிரேக்க போட்டுட்டேன்.

— சிவப்பே?

— பச்ச. பச்சைக்கு நிப்பாட்டிட்டேன் வதனி. முழு ரயிலும் மல நடுவுல நிக்குது. றில்வான் "ஏண்ணே"ன்றான். மான் குறுக்க வந்திச்சுன்னேன்.

— நம்பினவனோ?

— அவன் நம்புனான். எனக்குத்தான் தூக்கம் போச்சு. இன்னிக்கு பச்சைக்கு நின்னவன், நாளைக்கு செவப்புக்கு நிக்காம போயிட்டா? பொட்டி பொட்டியா சனம் தூங்குது. கைப்புள்ளைங்க தூங்குது.

— அப்ப இண்டைக்கு? இண்டைக்கு ராத்திரி ஓடப் போறியளோ? வாயைத் திறந்து சொல்லுங்கோ! வெளிக்கிட்டால் வாசலிலை குறுக்கை படுப்பன் நான்.

— நீ படுத்தா தாண்டிப் போறது கஷ்டம்தான்.

— நான் விளையாடேல்லை!

— அந்தப் பைய எடுத்துட்டு வா.

— எனக்கு உங்கட பையும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்.

— எடுத்துட்டு வந்து தொற. ...தொற வதனி. இப்ப நானே சொல்றேன்ல?

— ...சாரம்... துவாய்... இதென்ன, இவ்வளவுதானோ? டோர்ச் எங்கை? கொடி ரெண்டும் எங்கை?

— குடுத்துட்டேன்.

— ஆரிட்டை?

— ஷெட்டு போர்மன்கிட்ட. நேத்து காலையில. அடியில ஒரு கடுதாசி கெடக்கும். அவருகிட்ட குடுத்ததோட நகல். படி.

— "...நிறங்களைப் பிரித்து அறிவதில் எனக்குச் சிரமம் ஏற்பட்டுள்ளதால், ரயில் செலுத்தும் கடமையிலிருந்து என்னை உடனே விலக்கி, கண் பரிசோதனைக்கு..." அப்பா!

— எழுத்துப்பிழ இருக்கா?

— ...இல்லை. ஒரு பிழையும் இல்லை.

— ரெண்டு நாளா எழுதுனேன், நீ தூங்குனதுக்குப் பொறகு. மெயில இன்னிக்கு இராசையா அண்ணன் கொண்டு போறாரு. செவ்வாக்கெழம கண் டாக்டர்கிட்ட வரச் சொல்லியிருக்காங்க. சரியானா சரி. இல்லாட்டி ஷெட்டுல ஏதாச்சும் வேல.

— அப்ப இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அஞ்சு மணிக்கு எங்கை போக இருந்தனீங்கள்?

— பிளாட்பாரத்துக்குத்தான். மெயில் போற வரைக்கும் நின்னுட்டு, ஷெட்டுல படுத்துட்டு, நாளைக்கு வந்திரலாம்னு...

— விசரே உங்களுக்கு? போர்மனுக்குச் சொன்னதை என்னட்டைச் சொல்லேலாதே?

— போர்மனுக்கு சொல்றது லேசு. உங்கப்பா இளையதம்பி மாஸ்டர் முன்னாடி நின்னு நீ என்னா சொன்ன? "தோட்டத்துப் பொடியனோ"ன்னு அவரு கேட்டப்ப, "எஞ்சின் டிரைவர்"ன்னு சொன்னியே. அப்ப நான் வெறும் அசிஸ்டன்ட். நீ சொன்ன பொய்ய நெசமாக்க எனக்கு ஆறு வருசம் ஆச்சு. இப்ப வந்து எப்படி இல்லன்னு சொல்ல?

— நான் எஞ்சினையே கட்டினனான்? சொல்லுங்கோ. தாலி ஆர் கட்டினது, எஞ்சினோ?

— அழாத. ...நீ மட்டும் என்னா? சந்தேகம் வந்திச்சுல்ல. நேரா கேட்டிருக்கலாம்ல?

— கேட்டால் "இல்லை" எண்டிருப்பியள். ஒருக்கா இல்லையெண்டு வாய் விட்டால், அந்தச் சொல்லைக் காப்பாத்தவே எஞ்சினிலை ஏறுவியள். உங்களை எனக்குத் தெரியாதே? அதாலைதான்... நீங்களே காணட்டும் எண்டு...

— அப்ப அந்தத் தின்னர்?

— ஊத்துப்படேல்லை. ரெண்டு மூடியையும் நான்தான் துடைச்சனான்.

— அடிப்பாவி! ...சரி, ஒண்ணு கேளு. நிசாந்தினிகிட்ட இத சொல்லாத. ஆச ஆசையா அனுப்புன புள்ள. நான் அனுப்புனதாலதானேன்னு நெனச்சு அழும்.

— அவள் அனுப்பேல்லை.

— என்னா?

— கொழும்பிலை ஒரு கடைக்குச் சொல்லி எடுப்பிச்சது நான். பெட்டியிலை அவளின்ரை பேரை எழுதினதும் நான்.

— எழுத்து அப்படியே ஒன் எழுத்து மாதிரி இருந்திச்சு. புள்ள அம்மா மாதிரியே எழுதுதுன்னு சந்தோசப்பட்டேனே!

— கண்ணைத் துடையுங்கோ. ...ஐயோ, அந்தக் கையாலை இல்லை! விரலெல்லாம் பெயின்ற்.

— என்னா பெயிண்டு?

— சிவப்பு.

— சரி. இனிமே நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்றேன். செவப்பு.

— சிவப்பு. ...வாங்கோ, ரொட்டி ஆறுது. சாப்பிட்டிட்டு ரெண்டு பேருமாப் போவம். மெயிலை அனுப்பிப்போட்டு வீட்டை வருவம். ஷெட்டிலை ஒருத்தரும் படுக்க வேண்டாம்.

— செவ்வாக்கெழம நீயும் வருவல்ல?

— லீவு போடுறன்.

— அந்தச் சீலைய கட்டிக்கிட்டு வா. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தேனே, அந்தப் பச்ச. நான் கடைசியா ஒழுங்கா பாத்த பச்ச அதுதான்.

— ...

— ஏன், வேணாமா?

— கட்டுறன். அஞ்சு தரம் கட்டீட்டன், ஒவ்வொரு தரமும் "பச்ச ஒனக்கு எடுப்பா இருக்கு" எண்டு நீங்கள் சொன்னனீங்கள், நானும் ஓம் எண்டனான். ஆறாந்தரமும் கட்டுறன்... ஆனால் கடையிலை இருந்து நீங்கள் கொண்டு வந்து என்ரை கையிலை தரேக்கையே அது சிவப்பப்பா.