மூணாவது டப்பா

— கையெழுத்துதானே கேக்கறேன், கிட்னியா கேட்டேன்?

— கிட்னின்னா யோசிக்காமக் குடுத்திருப்பேன், அத்தான். அது ரெண்டு இருக்கு. கெமிஸ்டுன்னு எனக்கு இருக்கற பேர் ஒண்ணே ஒண்ணுதான்.

— வாசல்ல வண்டி நிக்குது. ரெண்டாயிரம் டப்பா ஏத்தியாச்சு. சுருட்டை முடிய நேராக்கற க்ரீம்தானே தாயே, ராக்கெட்டா விடறோம்?

— ராக்கெட் மேல போகும். இது தோலுக்குள்ள போகும். இந்தாங்க, ஒண்ணாம் நம்பர் டப்பா. எட்டு வாரம் சூட்டு அலமாரில இருந்தது. அதுக்குள்ள தாங்கினாத்தான் கடைல ரெண்டு வருஷம் தாங்கும். திறந்து பாருங்க.

— மேல எண்ணெய் மினுமினுன்னு நிக்குது. 'கூடுதல் பளபளப்பு'ன்னு போட்டு விக்கலாமே!

— ரெண்டாம் நம்பர்?

— இதுலயும் அதேதான். அடியில தண்ணி. ஒரு ஸ்பூனப் போட்டுக் கலக்கினா சேர்ந்துடும். அவ்வளவுதானே விஷயம்?

— ரொம்ப சந்தோஷம். கலக்கறதுக்கு டப்பாவோட உங்களையும் அனுப்பிடலாம். அத்தான், முடிய நிமித்தறது எண்ணெய் இல்ல, காஸ்டிக் சோடா. அது தண்ணிலதான் இருக்கும். க்ரீம் பிரிஞ்சா, மேல இருக்கறது வெறும் எண்ணெய். நாள் பூரா தடவினாலும் ஒரு முடி அசையாது. அடியில மொத்த காஸ்டிக்கும் சேர்ந்து உக்காந்திருக்கும். அதத் தலைல வச்சா முடியும் போகும், தோலும் போகும்.

— பிரியற மாதிரி காய்ச்சினது யாரு? நீதானே?

— நான் எழுதிக் குடுத்தது எட்டு கிலோ மெழுகு. எண்ணெயையும் தண்ணியையும் கையப் பிடிச்சு நிக்க வைக்கறது அது ஒண்ணுதான். அதப் பாதியா குறைக்கச் சொன்ன மகான் யாருன்னு கலக்கற அண்ணன் சொல்லிட்டாரு.

— அவன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். க்ரீம் கெட்டியா இருந்துச்சு, ரொப்பற மெஷின் இழுக்கல. திணறுது பாவம்.

— மெஷின் மேல என்ன ஒரு கருணை! தலைக்குச் சொந்தக்காரங்க மேலயும் கொஞ்சம் வைக்கலாமே.

— நக்கல் பண்ணாதே. மூணாவது டப்பாவப் பாரு. வெண்ணெய் மாதிரி நிக்குது. அதே எட்டு வாரம், அதே அலமாரி. அது மட்டும் எப்படி பாஸாச்சு?

— அதுக்கு வரேன். முதல்ல இந்தப் புது லேபிள். 'குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தேனே, எங்க?

— இடம் பத்தல. அங்கதான் நான் எழுதினது வந்திருக்கு. படி.

— 'எரிகிறதா? க்ரீம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.' அடேங்கப்பா! வீடு தீப்பிடிச்சா அடுப்பு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

— வாங்கறவங்களுக்கு ஒரு தைரியம் வேணாமா? உங்க அக்காவே படிச்சுட்டு, பதினாறு வருஷத்துல நான் சொன்ன உருப்படியான வார்த்தை இதுதான்னா.

— அவ உங்களையே நம்பிக் கட்டிக்கிட்டவ. லேபிள நம்பறதா கஷ்டம்?

— அவ பாடு அவளுக்கு. நேத்திலேர்ந்து சின்னவளோட மல்லுக்கட்டறா. நாளைக்கு ஸ்கூல்ல குரூப் போட்டோவாம். முடி குருவிக்கூடு மாதிரி இருக்குன்னு ஒரே அழுகை.

— என்கிட்டயும் வந்தா. 'சித்தி, ஒரு டப்பா தாங்க'ன்னா. ஒன்பது வயசுக்கு சீப்பு போதும்டின்னு அனுப்பிட்டேன். சரி, மூணாவது டப்பாவக் கவுத்துப் பாருங்க. அடியில என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்லையே.

— மத்த ரெண்டுலயும்?

— சிவப்பா ஒரு பொட்டு.

— என் நகப்பாலிஷ். அலமாரில வச்ச அன்னிக்கே மூணுக்கும் பொட்டு வச்சேன். உங்களத் தெரியாதா எனக்கு? என் மூணாவது டப்பா எங்க, அத்தான்?

— டீ சொல்லட்டுமா?

— சொல்லுங்க. டப்பா எங்க?

— பெரிசாக்காதே. போன வாரம் உங்க அக்கா வந்தா, என் சாப்பாட்டுக் கேரியர சூட்டு அலமாரில வைக்க...

— அதுக்குள்ள கேரியர் வேறயா!

— ஆறாம இருக்கும்ல? ஒரு டப்பா குடுங்கன்னு கேட்டா. எப்படியும் நீ தூக்கித்தானே போடப் போறேன்னு அதுலேர்ந்து ஒண்ண எடுத்துக் குடுத்தேன். மொட்டையா குடுக்க வேணாமேன்னு புது லேபிள் ஒட்டினேன். எண்ணிக்கை குறைஞ்சா நீ குதிப்பேன்னு, புது டப்பா ஒண்ண அந்த இடத்துல வச்சேன். அவ்வளவுதானே விஷயம்?

— அக்கா அதத் தடவினாளா?

— தடவினா. ஒரு முடிகூட நிமிரல. 'என் தங்கச்சி எண்ணெய் காய்ச்சியிருக்கா'ன்னு ஒரே சிரிப்பு. எரியக்கூட இல்லையாம்.

— மேல நின்ன எண்ணெய்... மிச்சம் எங்க?

— உங்க அக்காவா தூக்கிப் போடுவா? இன்னிக்கு லீவுதானே, அடியில இருக்கறதையும் வழிச்சுப் பாத்துடறேன்னா.

— போன் போடுங்க.

— முதல்ல கையெழுத்து...

— அத்தான், போன் போடுங்க! ஸ்பீக்கர்ல போடுங்க!

— போடறேன், கத்தாதே. ரிங் போகுது... ஏய், நான்தான். அந்த க்ரீம உன் தலைல போட்டியா?

— என் தலைல எதுக்குங்க? அதான் போன வாரமே லட்சணம் தெரிஞ்சு போச்சே.

— கேட்டியா மச்சினி? போடலையாம். என் உயிரே போயிடுச்சு. இந்தா பேனா, கையெழுத்தப் போடு, வண்டி கிளம்பட்டும்.

— அக்கா, அப்ப யார் தலைல போட்ட?

— சின்னவளுக்குத்தான்டி, நாளைக்கு போட்டோ இருக்குல்ல? டப்பா அடிய வழிச்சுப் போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு. எரியுது எரியுதுன்னு குதிக்கறா. 'அப்பாவே எழுதியிருக்காரு பாரு, எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்'னு சொல்லி, ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன்.