குன்னத்து அம்மவீட்டு மகள்

— இன்னொரு தடவ வாசியும் சாமி. உரக்க வாசியும்.

— அதான் வாசிச்சுட்டேனே மாடத்தியம்மா. எத்தனை தடவை வாசிச்சாலும் கல்யாணக் கார்டுல எழுத்து மாறாது.

— மாறாதுன்னு எனக்கும் தெரியும். உம்ம வாயால ஒருக்கா கேக்கணும்.

— "மணலிக்கோயிக்கல் கொட்டாரத்தில் உதயவர்மத் தம்புரானுக்கும், குன்னத்து அம்மவீட்டில் சரோஜினி தங்கச்சியின் மகள் பிரேமாவுக்கும்..."

— மதி, நிறுத்தும். தங்கச்சின்னு பட்டம் வச்சிருக்கிற அந்த சரோஜினிக்கு எப்பம் பேறுகாலம் ஆச்சு? போனக்காட்டு எஸ்டேட் ஆஸ்பத்திரியில, அடிச்ச மழையில, கரண்டு இல்லாம நான் பெத்த புள்ளையில்லா அது?

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ. இந்த லாட்ஜுல சுவரெல்லாம் பலகை. பக்கத்து ரூம்ல சேனல்காரா தங்கியிருக்கா.

— கேக்கட்டும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கட்டும். நாளைக்குக் கல்யாணம். இன்னைக்கு மத்தியானந்தான் கார்ட என் கண்ணுல காட்டி, மவள இன்னொருத்திக்குத் தத்துக் குடுன்னு கேக்கீரு. இத மெல்லக் கேட்டா நியாயமாயிருமா?

— தத்துன்னா நிஜமாவே தூக்கிக் குடுக்கறதில்லை. சடங்குதான், பாருங்கோ. கொட்டாரத்து ராஜ வம்சத்துல தம்புரான் வெளியேந்து பொண்ணு எடுத்தா, அந்தப் பொண்ணை அவாளுக்கு வழக்கமா பொண்ணு குடுக்கற ஒரு அம்மவீட்டுக்குத் தத்துக் குடுத்துட்டுத்தான் முகூர்த்தம். பழைய காலத்து வழக்கம். காலம்பற ஒம்போது மணிக்குக் கொட்டாரத்துக் கோயில்ல, நீங்க சரோஜினி தங்கச்சி கையில ரெண்டு சொட்டு ஜலம் விட்டு 'தந்தேன்'னு சொல்லணும். அவா 'வாங்கிண்டேன்'னு சொல்லுவா. அவ்வளவுதான். பத்தரைக்குத் தாலி.

— அவ அப்பனுக்கு அதுல என்ன வேலை?

— இது தாய்வழி வம்சம் பாருங்கோ. பெத்த அம்மா கையாலதான் ஆகணும். வேற யாரும் குடுக்க முடியாது.

— அதான் அவரு கீழ சாயாக்கடையில உக்காந்து பீடியா ஊதித் தள்ளுதாரு. மேல ஏறி வர மாட்டேங்காரு. சரி, 'தந்தேன்'னு சொன்னதுக்கப்புறம் நான் யாரு?

— நீங்க முதல் வரிசையில உக்காருவேள். அதுல ஒரு குறையும் வராது.

— நாற்காலியக் கேக்கல சாமி. நான் யாருன்னு கேட்டேன்.

— ...விருந்தாளி.

— அப்பாடா. வாயிலருந்து ஒரு உண்மை வந்துட்டு.

— என் மேல கோச்சுண்டு என்ன பிரயோஜனம்? நான் கொட்டாரத்துல மேனேஜர். எங்க அப்பாவும் அதே வேலை பாத்தவர். சொன்னதைச் செய்யறவன். எல்லாம் இந்த போனால வந்த வினை. நிச்சயதார்த்தப் போட்டோ வெளில வந்த அன்னிக்கே ஊர் ரெண்டாப் பொளந்துடுத்து.

— எனக்கா சொல்லுதீரு? ஒருத்தன் கேமராவும் கையுமா எஸ்டேட் லயத்துல எங்க வீட்டுக்கே வந்துட்டான். கல்யாண வீடுன்னு நம்பி வாசல்ல வந்தவனத் தொரத்த முடியுமா? கட்டன்சாயா போட்டுக் குடுத்தேன். "அம்மே, ஒரு சிரி, ஒரு சிரி"ன்னான். சிரிச்சேன். சாயாவக் குடிச்சிட்டு என் அடுப்பப் படம் புடிச்சான், கரிப்பானையப் புடிச்சான், காலுல அட்டை கடிச்ச தழும்பக் கிட்டக்க வச்சுப் புடிச்சான். மறுநா 'ராணியோட அம்மா'ன்னு பேரு போட்டு விட்டுட்டான். லட்சம் பேரு பாத்தாவளாம்.

— பன்னெண்டு லட்சம்.

— நீரும் பாத்தீரோ?

— பாத்தேன்.

— கீழ எழுதியிருந்ததையும் வாசிச்சீரா?

— அதெல்லாம் இப்போ எதுக்கு? வேலையத்தவா ஆயிரம் எழுதுவா.

— எங்க லயத்து ஜெபமலர் டீச்சரு எனக்கு வாசிச்சுச் சொன்னா. பாதியில நிறுத்துனா, நான் விடல. "தேயிலைக் கொழுந்து நுள்ளுன கையில கொட்டாரத்துச் சாவியா"ன்னு ஒருத்தன். "பாண்டிச்சி கேறி உக்காந்துட்டா"ன்னு ஒருத்தன். "தம்புரானுக்கு என்னமோ மருந்து வச்சிட்டா"ன்னு ஒரு பொம்பள, கோயில் வாசல்ல சந்தனக் குறி தொட்டுட்டு நிக்கிற போட்டோ போட்டிருக்கா. நாலு தலமுறையா இந்த மண்ணுல பொறந்து, இந்த மண்ணுலயே புதைச்சிட்டிருக்கோம். தமிழ் பேசுனா இன்னமும் பாண்டிச்சி.

— ஏசினவா மட்டும் இல்லையே. புகழ்ந்தவாளும் உண்டு. வித்துராவுல ஃப்ளெக்ஸ் வச்சிருக்கா, பெரிய எழுத்துல.

— அதப் பாத்துக்கிட்டுத்தான் பஸ்ஸுல வந்தேன். "தோட்டத் தொழிலாளியின் மகள் அரியணையில்." அரியணை எங்கவே இருக்கு? உங்க கொட்டாரத்துல பாதி ஆயுர்வேதக்காரனுக்கு வாடகைக்குப் போயாச்சு. தம்புரான் ஸ்கூட்டர்ல ஆபீஸ் போறாரு. அந்தப் புள்ளய நான் குறை சொல்ல மாட்டேன். லயத்துக்கு வந்தப்பம் தரையில உக்காந்து கப்பக்கிழங்கும் கருவாடும் தின்னாரு, ரெண்டாவது கேட்டு வாங்கித் தின்னாரு. ஆனா இந்த ஊருக்காரன் இருக்கானே, ஏசுறவன் பாண்டிச்சிங்கான், மாலை போடுறவன் தொழிலாளிங்கான். சுடலைமாடத்தின்னு ஒருத்தன் வாயில வரல. என் பேரு வர இருந்த எடம் இந்தக் கார்டு ஒண்ணுதான். அதுலருந்தும் எடுத்திட்டீரு.

— எடுத்தது நானில்லை.

— பின்ன யாரு? பன்னெண்டு லட்சம் பேரு சிரிச்சதும் கொட்டாரத்துக்கு மானம் போயிட்டு. கரிப்பானைய மறைக்கணும். அதுக்கு ஒரு சடங்கு. அப்படித்தான?

— அப்படியெல்லாம் பேசப்படாது. சடங்கு பழசு.

— பழசா? தம்புரானோட தாய்மாமன் வெள்ளக்காரியக் கெட்டிட்டு வந்தாரே, அவள எந்த அம்மவீட்டுக்குத் தத்துக் குடுத்தீரு?

— அது... அப்போ அந்த வழக்கம் நின்னு போயிருந்தது.

— அவ அம்மை பேரு கார்டுல இருந்துதா?

— இருந்தது.

— பாத்தீரா! வெள்ளக்காரிக்கு அம்மை உண்டு. கொழுந்து நுள்ளுறவளுக்கு மவ கெடையாது. என்ன ஒரு ராஜநீதி! சொல்லுதேன், நல்லாக் கேட்டுக்கிடும். நாளைக்கு ரெண்டு ஜீப்புல லயத்து ஆளுக வாராவ. அத்தன பேருக்கு முன்னால என் கையால தண்ணி விட்டு என் புள்ளயத் தூக்கிக் குடுக்க மாட்டேன். கல்யாணம் நின்னாலும் சரி.

— நின்னுடும் மாடத்தியம்மா. அம்மவீட்டுப் பொண்ணுன்னு கார்டு ஊர் பூரா போயாச்சு.

— நிக்கட்டும்! எம் மவளுக்கு என்ன குறை? பழைய வட்டெழுத்து வாசிக்கத் தெரிஞ்சவ. உங்க கொட்டாரத்துல ஓலையெல்லாம் செல்லரிச்சுக் கெடந்துது. அத வாசிச்சு அடுக்கித்தர ஆளு தேடி நீங்கதான் அவளக் கூப்பிட்டீங்க. அவளா வந்து உங்க வாசல்ல நிக்கல.

— அதை நான் மறுக்கலையே. எங்க யாருக்கும் அந்த எழுத்து ஒண்ணு தெரியாது. கெட்டிக்காரக் குழந்தை.

— அந்தக் கெட்டிக்காரிய நாளைக்கு அம்மை இல்லாதவளாக்கப் பாக்கீரு. அவ இதுக்கு எப்படித்தான் ஒத்துக்கிட்டாளோ! என்னத்தச் சொல்லிப் பயமுறுத்துனீங்களோ! மூணு நாளா போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. அழுதுக்கிட்டு கெடக்காளோ என்னமோ.

— அப்படி ஒண்ணும் இல்லை.

— தம்புரானோட அம்மை, அந்தத் தம்புராட்டிக்கு போன் போடும்.

— இப்போவா? வேண்டாம், நான் சாயங்காலம் நேரப் பாத்துச் சொல்லிக்கறேன்.

— நீரு சொல்ல வேண்டாம், நானே கேட்டுக்கிடுதேன். அவளும் புள்ள பெத்தவதான. போடும்ங்கேன். இல்லேன்னா இப்பமே ஆட்டோ புடிச்சுக் கொட்டாரத்து வாசல்ல போயி நிப்பேன். உம்ம சேனல்காரனும் பின்னாலயே வருவான்.

— சொன்னாக் கேளுங்கோ. சில விஷயம் தெரியாம இருக்கறதுதான் நல்லது.

— போடும்!

— ...சரி. மணி அடிக்கறது. இந்தாங்கோ.

— ஹலோ, ஆனந்தகிருஷ்ணா? சடங்கெல்லாம் மோளோட அம்மைக்குச் சொல்லிக் குடுத்தோ?

— சொன்னாரு. பொண்ணோட அம்மை பேசுதேன். சுடலைமாடத்தி.

— ஐயோ, சேச்சியா! நமஸ்காரம். எனக்குத் தமிழ் கொறச்சுதான் வரும், கேட்டோ. சேச்சிக்கு அங்க சௌகரியமெல்லாம்...

— சௌகரியம் கெடக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. உங்க மவன நான் ஒரு குறை சொன்னேனா? உங்க வீட்டுல ஒரு பொட்டுத் தங்கம் கேட்டேனா? எம் மவளுக்கு நான் அம்மையா இருந்தா உங்களுக்கு என்ன கெட்டுப் போச்சு?

— சேச்சி, என்ன சொல்லுது? ஞான் எப்போ அப்படிச் சொன்னேன்?

— பின்ன எதுக்கு இந்தத் தத்து?

— சேச்சிக்குத் தெரியும்னல்லே பிரேமமோள் சொன்னது.

— எனக்கு என்ன தெரியும்?

— எங்க வீட்டுல ஆருக்கும் அந்தச் சடங்கு ஓர்மையில்லா சேச்சி, மறந்துபோச்சு. மோள்தான் ஓலையில படிச்சு எடுத்தது. என் முன்னால கொண்டுவந்து வெச்சு, "இதுபோலச் செய்யணும் தம்புராட்டி"ன்னு சொன்னாள். வேண்டாம் மோளேன்னு ஞான் சொன்னேன். உதயன் ரெண்டு நாள் அவளோட பேசல்ல. கார்டு அடிக்கும் முன்னே அம்மையோட ஒரு வாக்கு கேளுன்னு சொன்னேன். "கேட்டாச்சு, அம்மைக்குச் சம்மதம்"ன்னு சொன்னாள்... சேச்சி? கேக்குதோ?

— கேக்குது.

— சேச்சியோட அவள் சொல்லல்லே?

— எப்பம் கொண்டு வந்தா அந்த ஓலைய?

— அந்த வீடியோ வந்ததே, அதுக்கு மறுநாள். ஈஸ்வரா, எனக்கு இது தெரியாது. மோள் இங்கதான் மருதாணி இட்டுக்கொண்டு இருக்கு. கூப்பிடட்டே?

— வேண்டாம். கையி கலைஞ்சிரும். வச்சிருதேன்.

— உக்காருங்கோ மாடத்தியம்மா. ஜலம் ஏதாவது குடிக்கறேளா?

— உமக்குத் தெரியுமா?

— தெரியும்.

— இம்புட்டு நேரம் ஏச ஏச வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தீரே. ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— என்னை ஏசினா நான் நாளைக்கு மறந்துடுவேன். பெத்த குழந்தையை ஏச ஆரம்பிச்சேள்னா அது நிக்குமா? சின்ன வயசு, பாருங்கோ. பன்னெண்டு லட்சம் பேர் சிரிக்கறச்சே யாருக்கும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இனிமே உங்களை யாரும் கேமரா தூக்கிண்டு தொரத்தப்படாதுன்னுகூட நினைச்சிருக்கலாம்.

— என்னையல்லவா சிரிச்சாவ. நான் மறுநா கூடையத் தூக்கிட்டுக் கொழுந்துக்குப் போனேன் சாமி. அவ ஓலையத் தேடியிருக்கா.

— விடுங்கோ. உண்மை தெரிஞ்சாச்சு, தம்புராட்டிக்கும் தெரிஞ்சாச்சு. இனிமே சடங்கை நிறுத்திடலாம். கார்டுல என்ன இருந்தா என்ன? நாளைக்கு மணையில நீங்களே நின்னு, நீங்களே கையைப் பிடிச்சுக் குடுக்கலாம். ஊர் பூரா பாக்கட்டும். நீங்க கேட்டதும் அதானே?

— நிறுத்த வேண்டாம். அந்தத் தங்கச்சியம்மாவ இப்பமே இங்க கூட்டிட்டு வாரும். காலம்பற ஒம்போது மணி வரைக்கும் அவளுக்கு அம்மையா இருக்க எனக்கு ஏலாது.