கறுப்புத் துணி மறைத்த குறை

அவைக்குத் தலைமையேற்று, கையெழுத்திடும் பேனாவை இப்போதே மேசைமேல் எடுத்து வைத்திருக்கும் தலைவர் அவர்களே! என்னை ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்ட, இன்று நான் என்ன பேசப்போகிறேனோ என்று வேர்த்து அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! உறக்கம் துறந்து உயிர் காக்கும் செவிலியர்களே! பிள்ளைகளை மடியில் அமர்த்தி வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தோழர்களே! அனைவர்க்கும் என் பணிவான வணக்கம்.

எங்கள் ஆய்வகத்தின் சூரியப் பேனலைப் பாராட்டிப் பேச என்னை அழைத்தார்கள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. மேடைப் பயம் என்று எண்ணிவிடாதீர்கள். இது வேறு பயம்.

இந்த மேசைமேல் நகத்தளவு கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் நாங்கள் செய்த மெல்லிய படலம். இதன்மீது நீல விளக்கைப் போடுகிறேன். முன்வரிசை அம்மா, படலம் என்ன நிறத்தில் ஒளிர்கிறது? மஞ்சளா? உரக்கச் சொல்லுங்கள், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும். மஞ்சள்! நன்றி அம்மா. விளக்கு எரியட்டும், யாரும் அணைக்க வேண்டாம்.

பெரோவ்ஸ்கைட் என்னும் படிகம் இது. வெயிலை வாங்கி மின்சாரம் தரும். இதற்குள் புரோமைடு, அயோடைடு என இருவகை அயனிகளை ஒன்றாய்க் கலந்தோம். வெளிச்சம் பட்டால் இவை பிரிந்துபோகும், அயோடைடு ஆங்காங்கே தனிக்கூட்டமாய்த் திரளும், திரண்ட இடமெல்லாம் மின்சாரம் சிக்கிச் சீரழியும் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும்! அதனால்தான் படிகத்தை அடுக்கடுக்காய் அமைத்தோம். அடுக்குக்கு அடுக்கு சுவர் வைத்தோம். சுவர் இருக்க எப்படி நகரும் என்று மார்தட்டினோம். அந்தப் படிகத்தால் செய்த பேனலை ஒரு சிறு மருத்துவமனையின் கூரையில் ஏற்றினோம். மூச்சுத் திணறுவோர்க்கு ஆக்சிஜன் தரும் இயந்திரம் அதில்தான் ஓடியது.

மூன்றாம் வாரம் அந்த வார்டின் செவிலியர் என்னை அழைத்தார். "மேடம், மத்தியானம் ரெண்டு மணி ஆனா மெஷின் திணறுது. வெயில் கொளுத்துது, ஆனா கரண்ட் வரமாட்டேங்குது" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம்? பேனலைக் கழற்றினோம். எங்கள் ஆய்வக வழக்கப்படி கறுப்புத் துணியில் சுற்றினோம். வழியில் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை! மறுநாள் காலை பிரித்து அளந்தோம். குறையே இல்லை; "சரி" என்று தாளில் முத்திரை குத்தி, பேனலைத் திரும்பக் கூரையில் ஏற்றினோம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு சிஸ்டர், உங்க வயரிங்கைப் பாருங்க" என்றேன். மறுபடி அழைத்தார். மறுபடி துணி, மறுபடி அளவு, மறுபடி சரி! மூன்றாம் முறை நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது: "சும்மா சும்மா கூப்பிடாதீங்க சிஸ்டர்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்து அந்த வார்டில் வந்து படுத்தவர் என் அப்பா.

"நீ செஞ்சதுல ஓடுற மெஷினாம்மா இது? அப்புறம் எனக்கென்ன பயம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். பகல் இரண்டரை மணி. இயந்திரம் கத்தத் தொடங்கியது. அப்பாவின் உதடு நீலம் பாய்ந்தது. கூரையின்மேல் பளபளவென்று மின்னுகிறது நான் பெற்ற பெருமை. கூரையின்கீழ் மூச்சுக்குத் தவிக்கிறார் என்னைப் பெற்றவர்! எங்கே ஓடுவேன்? யாரைக் கூப்பிடுவேன்? நின்ற இடத்திலேயே நின்றேன். செவிலியர்தான் மூலையிலிருந்து ஒரு சிலிண்டரை உருட்டி வந்தார். "உங்க பேப்பரை நான் நம்பல மேடம். மத்தியானம் ஆனா பக்கத்துல ஒண்ணு வெச்சுக்குவேன்" என்றார்.

அப்பா பிழைத்தார். இல்லை, எனக்குக் கை தட்டாதீர்கள். அந்தச் செவிலியர் நான்காம் வரிசையில் இருக்கிறார், அவருக்குத் தட்டுங்கள்.

மறுநாள் பேனலைக் கழற்றவில்லை, துணியில் சுற்றவில்லை. மீட்டரோடு கூரையிலேயே குந்தினேன். காலையில் முழு அளவு. பதினொன்றுக்குச் சரிவு. இரண்டுக்குப் பாதிகூட இல்லை. அப்போது கறுப்புத் துணியைப் போர்த்திக் காத்திருந்தேன். சில மணி நேரம் கழித்துத் துணியை விலக்கி, ஆய்வக விளக்கில் அளந்தேன்; அளவு பழையபடி ஏறிவிட்டது! அயனிகள் சுவரைத் தாண்டவில்லை ஐயா. அதனதன் அடுக்குக்குள்ளேயே பிரிந்து நின்றன, இருட்டு வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் கலந்துகொண்டன. நோயாளியைக் குணமாக்கிவிட்டு நோயைத் தேடியிருக்கிறோம் நாங்கள்.

"சரி" என்று நாங்கள் முத்திரை குத்திய அந்தத் தாள்தான் இப்போது தலைவர் முன் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டால் நாளை பதினோரு மருத்துவமனைக் கூரைகளில் இதே பேனல் ஏறும். "இன்னிக்கு மட்டும் வாய திறக்காதம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று காலையில் எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்தான். ஆனால் பதினோரு வார்டிலும் மூலையில் ஒரு சிலிண்டர் இருக்குமா? பதினோரு வார்டிலும் எங்கள் தாளை நம்பாத ஒரு செவிலியர் இருப்பாரா? நான் சொன்ன வேறு பயம் இதுதான்.

முன்வரிசை அம்மா, இப்போது என்ன நிறம்? கேட்கவில்லை. இன்னும் உரக்க!

சிவப்பு! கேட்டீர்களா? நான் பேசிய இந்தச் சில நிமிடத்தில், உங்கள் கண்ணெதிரே, மஞ்சள் சிவப்பாகிவிட்டது. அயோடைடு திரண்டுவிட்டது. தலைவர் அவர்களே, தயவுசெய்து அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் வையுங்கள். துணி போடாமல், நடுப்பகலில், கூரையில் வைத்து அளக்கும் வரை எடுக்காதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண்டதைக் கண்டபடி சொன்ன அம்மாவுக்கும், எங்களை நம்பாத அந்தச் செவிலியருக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். நான் இறங்கியதும் யாரும் இந்த விளக்கை அணைக்காதீர்கள், இந்தக் கண்ணாடியை எடுத்துத் துணியில் சுற்றாதீர்கள். சுற்றினால் இது மறுபடி மஞ்சளாகிவிடும், நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். வணக்கம்.